இரண்டு பேருக்கும் இருந்தால்

நான் பல்கலைக்கழகத்தில் உயிரித் தொழில்நுட்பமும் மரபணுவியலும் படித்தவள். தெஹியோவிட்ட பக்கத்து எங்கள் இறப்பர் தோட்டத்தில் இந்த ஒரு வரியை நான் யாருக்கும் முழுதாகச் சொல்லி முடித்ததில்லை. பாதியிலேயே "அப்ப டொக்டரா?" என்பார்கள். இல்லை. "நர்ஸா?" இல்லை. "டீச்சரா?" அதுவும் இல்லை. "அப்ப என்னாதான் படிச்ச, இத்தன வருசமா?" என்று கேட்டுவிட்டு என்னைப் பாவமாகப் பார்ப்பார்கள். கடைசியில் அம்மாதான் ஒரு பதிலைக் கண்டுபிடித்தாள். "எம்மவ ரத்தத்துக்குப் படிச்சிருக்கா." அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

அம்மா சொன்னது ஒன்றும் தப்பில்லை. என்னோடு படித்தவர்களில் ஒருத்தி அவுஸ்திரேலியாவில் ஆராய்ச்சி செய்கிறாள். ஒருவன் மருந்துக் கம்பனிப் பையைத் தூக்கிக்கொண்டு டொக்டர்மாரின் வாசலில் காத்துக் கிடக்கிறான். இன்னொருத்தி எஹலியகொடவில் ஏ.எல். என்ற உயர்தரப் பரீட்சைப் பிள்ளைகளுக்கு டியூஷன் கொடுக்கிறாள். எங்கள் எல்லாரிலும் வசதியாக இருப்பவள் அவள்தான். எனக்குக் கொழும்பில் ஒரு தனியார் லெப்பில் வேலை கிடைத்தது. ஊர் ஊராக எடுத்து அனுப்பும் இரத்தத்தை மெஷினில் வைத்து, தலசீமியா இருக்கிறதா என்று பார்க்கும் பகுதி. ரிப்போர்ட்டில் கையெழுத்து டொக்டருடையது. குழாயைக் குலுக்குவதும் வைப்பதும் எடுப்பதும் என்னுடையது. நாலு வருடம் மண்டையை உடைத்துப் படித்ததில் பாதி மறந்துவிட்டது, மீதி தேவைப்படவில்லை.

தலசீமியா பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வரும் இரத்தக் குறை. ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் ஆளுக்கு ஒன்றும் செய்யாது. இருப்பதே தெரியாமல் வாழ்ந்து போய்விடலாம். அம்மா அப்பா இரண்டு பேரிடமும் இருந்து, இரண்டும் ஒரே பிள்ளையில் போய்ச் சேர்ந்தால், அந்தப் பிள்ளை உயிரோடு இருக்கும்வரை மாதா மாதம் அடுத்தவர் இரத்தத்தை ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. இதைப் பரீட்சையில் மூன்று மொழியிலும் எழுதச் சொன்னாலும் எழுதுவேன்.

எனக்கு அந்தக் குறை இருப்பது கெம்பஸிலேயே தெரிந்தது. ஒரு செய்முறை வகுப்பில் அவரவர் இரத்தத்தை அவரவரே பார்த்தோம். அதே பாடத்தில், பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம் என்று குடும்ப வரைபடமும் போடச் சொன்னார்கள். சொந்தத்துக்குள் கல்யாணம் நடந்த இடத்தில் இரட்டைக் கோடு போட வேண்டும். என் தாள் தண்டவாளம் மாதிரி இருந்தது. அம்மாவும் அப்பாவும் மாமன் மகள், அத்தை மகன். அதற்கு முந்தியவர்களும் அப்படித்தான். லெக்சரர் சிங்களவர். தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "எங்கள் கிராமத்திலும் அந்தக் காலத்தில் இப்படித்தான்" என்று மரியாதைக்குச் சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். எனக்கு அப்போது வெட்கமாகக்கூட இல்லை. அடுத்த இரட்டைக் கோட்டை எங்கே போட வேண்டும் என்பது மட்டும் தெரிந்திருந்தது.

எனக்கு மாமா மகன் ஒருவர் இருந்தார். அம்மாவின் கூடப் பிறந்த அண்ணனின் மகன், எங்கள் தோட்டத்து அடுத்த டிவிசனில் வரிசை வீடுகளான லயத்தில் வீடு, தோட்டத்தின் பால் லொறிக்கு டிரைவர். டிவிசன் டிவிசனாகப் போய் இறப்பர் பாலை ஏற்றிக்கொண்டு ஃபெக்டரியில் இறக்குவார். நான் பிறந்த அன்றே "இவ எங்க வீட்டுக்கு" என்று மாமா சொல்லிவிட்டாராம். சொல்லாமல் விட்டிருந்தாலும் நான் அந்த மச்சானைத்தான் கேட்டிருப்பேன். எனக்கு அவரைப் பிடிக்கும். சிரித்துச் சிரித்துச் சிங்களத்திலும் தமிழிலும் மாற்றி மாற்றிப் பேசுவார். நான் விடுமுறைக்கு வந்து திரும்பும்போதெல்லாம் அவிசாவளை பஸ் வரும்வரை என் பையைக் கீழே வைக்கவிடமாட்டார். அவ்வளவுதான் எங்கள் காதல். எங்கள் தோட்டத்தில் அதுவே பெரிய விஷயம்.

கல்யாணப் பேச்சு எடுத்தபோது, இரத்தம் பார்க்க வேண்டும் என்றேன். மச்சான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "ஹரி, ஊசிதானே?" என்று பாதிச் சிங்களத்தில் சரி சொல்லிவிட்டு, அவிசாவளையில் எங்கள் லெப்பின் கிளைக்குப் போய்க் கையை நீட்டிவிட்டு வந்தார். அந்தக் குழாய் கொழும்புக்கு என் மேசைக்கே வந்தது. மெஷின் வரையும் கோட்டில், குறை உள்ளவர்களுக்கு ஓர் இடத்தில் சின்ன மேடு சற்று உயரும். மச்சானுக்கு உயர்ந்தது. என்னுடையதை அப்படியே நகல் எடுத்த மாதிரி இருந்தது. நான் அழவில்லை. கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, வேறு கையுறை மாட்டி, அடுத்த குழாயை எடுத்தேன். மதியம் சோற்றுப் பார்சலை முழுதாகச் சாப்பிட்டேன். கருவாடு நன்றாக இருந்தது என்பதுகூட நினைவிருக்கிறது.

சனிக்கிழமை வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன்: "எனக்கும் இருக்கு, மச்சானுக்கும் இருக்கு."

அம்மா இறப்பர்ப் பால் வெட்டிவிட்டு வந்து, கையில் ஒட்டியிருந்த பாலை உரித்துக்கொண்டிருந்தாள். முகம் மலர்ந்தது.

"ரெண்டு பேருக்குமா? அப்ப சரியாப்போச்சே!"

எனக்கு விளங்கவில்லை.

"ஒங்க அப்பாவுக்குச் செவ்வா தோசம். எனக்கும் செவ்வா தோசம். அதனாலதான கட்டி வச்சாங்க. ஒருத்தருக்கு மட்டும் இருந்தாத்தான்டி ஆபத்து. ரெண்டு பேருக்கும் இருந்தா அது அதோட கழிஞ்சிரும்."

எங்கள் ஆட்களிடம் இதைவிட உறுதியான கணக்குக் கிடையாது. செவ்வாய் தோஷத்துக்குச் செவ்வாய் தோஷம்தான் மருந்து. நான் தாளை எடுத்து வட்டம், சதுரம் எல்லாம் போட்டுக் காட்டுவதற்குள் அம்மா அடுத்த டிவிசனுக்குச் சொல்லி அனுப்பிவிட்டாள். அன்று சாயங்காலமே மாமாவும் மாமியும் தட்டில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழத்தோடு வந்து உட்கார்ந்தார்கள். மாமா என் தலையில் கை வைத்தார்.

"பாத்தியா, மெசினே சொல்லிருச்சு. ஐயர்கிட்ட போய் பொருத்தம் பாக்குற வேல மிச்சம்."

"மாமா, அது பொருத்தம் இல்லங்க. ரெண்டு பேருக்கும் இருந்தா கட்டக்கூடாதுங்க."

"ஏன் கட்டக்கூடாது?"

சொன்னேன். மாதா மாதம் இரத்தம் ஏற்றுவதைச் சொன்னேன், நாலில் ஒன்று என்பதைச் சொன்னேன். மாமா பொறுமையாகக் கேட்டார். பிறகு, "நாலுல மூணு நல்லாருக்கும்னுதான நீயே சொல்ற?" என்றார். மாமி எழுந்தாள். வெளியே போகும்போது, "லொறி டிரைவர் வேணாம்னா நேரடியாச் சொல்லியிருக்கலாம்ங்க" என்று, என்னைப் பார்க்காமல், என் அம்மாவிடம் சொன்னாள். அந்தத் தட்டு எங்கள் வீட்டு மேசையிலேயே இருந்தது. எடுக்கவும் முடியவில்லை, திருப்பிக் கொடுக்கவும் முடியவில்லை. பழம் கறுத்தது.

மறுநாள் மச்சானைப் பார்க்க ஃபெக்டரி ரோட்டுக்கு நானே போனேன். பால் இறக்கிவிட்டு லொறியைக் கழுவிக்கொண்டிருந்தார். அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. முதல் தடவையிலேயே புரிந்துகொண்டார். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"புள்ள வேணாம் மச்சான்," என்றேன். "நாம ரெண்டு பேரு மட்டும் இருந்துக்குவோம்."

அவர் தண்ணீர்க் குழாயை மூடினார். "நான் இருந்துக்குவேன். ஒன்ன வுட்டுருவாங்களா? ஒரு வருசம் போகட்டும், கோயில்ல, காலையில பேரு கூப்புடுற பெரட்டுல, கடையில, ஒன்னத்தான் கேப்பாங்க. நீ வட்டம் போட்டுக் காட்டிக்கிட்டே இருப்பியா?"

பதில் சொல்லியிருந்தால் 'போடுவேன்' என்றுதான் சொல்லியிருப்பேன். அவருக்குப் பிள்ளைகள் என்றால் உயிர். லயத்துப் பிள்ளைகள் எல்லாம் அந்த லொறிக்குப் பின்னால்தான் ஓடும். பிள்ளை இல்லாமல் இருக்க அவரால் முடியாது, அதை எனக்காகச் சொல்வது மாதிரிச் சொல்லிவிட்டார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பஸ் வந்தது, ஏறினேன். அன்று என் பையை நானேதான் வைத்திருந்தேன்.

அடுத்த வருடம் வரக்காப்பொல பக்கத்துத் தோட்டத்தில் அவருக்குப் பெண் பார்த்தார்கள். சொந்தமில்லை, அந்நியம். நிச்சயத்துக்கு முன்னால் மச்சான் எனக்குப் போன் எடுத்தார். அதற்கு முன் நாங்கள் பேசி மாதக் கணக்கு ஆகியிருந்தது.

"அந்தப் புள்ளையோட ரத்தம் அனுப்பியிருக்கேன். அந்தப் புள்ளைக்கும் சம்மதம்தான், கேட்டுட்டுத்தான் எடுத்தாங்க. நீயே பாத்துச் சொல்லு. வேற யாரு சொன்னாலும் எனக்குப் புரியாது."

பார்க்கிறேன் என்றேன்.

குழாய் வந்தது. மற்றக் குழாய்களோடு வைத்தேன். மெஷின் முன்னால் நிற்க வேண்டிய அவசியமே இல்லை, அது தன்பாட்டில் ஓடும். நான் நின்றேன். கோடு வரத் தொடங்கியது. அந்த மேடு வரும் இடம் நெருங்க நெருங்க, ஒரு வருடமாக ஒன்றும் ஆகாமல் கிடந்த என் நெஞ்சு அடித்துக்கொண்டது. உயரட்டும் என்று நினைத்தேன். முகம் தெரியாத ஒரு பெண்ணின் இரத்தத்தைப் பார்த்து, உயர்ந்துவிடு, உயர்ந்துவிடு என்று கெஞ்சினேன்.

உயரவில்லை. சமமாகப் போய் முடிந்தது. சந்தேகத்துக்கு இடமே இல்லாத ரிப்போர்ட். ஆனாலும் அதே குழாயை இன்னொரு தடவை வைத்து ஓடவிட்டேன். ஏன் என்று பக்கத்தில் இருந்தவள் சிங்களத்தில் கேட்டாள். சும்மா என்றேன். இரண்டாவது தடவையும் அப்படியே வந்தது.

டொக்டர் கையெழுத்துப் போட்ட பிறகு வெளியே போய் மச்சானுக்குப் போன் எடுத்தேன். பின்னால் லொறிச் சத்தம் கேட்டது. அவர் எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்.

"அந்தப் புள்ளைக்கு ஒன்னும் இல்ல மச்சான்," என்றேன். "கட்டிக்கங்க."