லென் டாட்டர்சாலைக் கேட்டு வந்த போன்

லென் டாட்டர்சால் எங்கள் ஆஸ்கில் டவுன் கால்பந்து அணிக்கு ஐந்நூற்றுப் பதினொரு ஆட்டம் ஆடினான். எல்லாமே இங்கிலாந்து லீகின் கடைசிப் படியான நாலாம் டிவிஷனில். நடுக்களத்தில் பந்தைப் பறித்து, தன்னைவிடக் கெட்டிக்காரன் காலுக்குத் தள்ளிவிடுவதுதான் அவன் வேலை. இருபது வருடத்தில் ஒன்பது கோல். அதிலும் ஒன்று அவன் முதுகில் பட்டுப் போனது.

பதினேழு வயதில் செருப்புத் தொழிற்சாலையிலிருந்து வந்தவன். மூச்சு உண்டு, ஓட்டம் உண்டு, திரும்பத்தான் நேரமாகும். "டேய் லென், பால் வண்டியே உனக்கு முன்னாடி திரும்பிடும்டா!" என்று எங்கள் ஆட்களே கத்துவார்கள். வெளியூர்க்காரன் எவனாவது அதையே சொன்னால் அடிக்கப் போவார்கள்.

நான் எனிட் கிளெக். கிளப் ஆபீஸில் தட்டச்சும் போனும் முப்பத்தாறு வருடம் என் பொறுப்பு. லென்னுக்கு ஒரே ஆசை: ஒரு வருடமாவது மேல் டிவிஷனில் ஆடிப் பார்க்க வேண்டும். செவ்வாய்க்கிழமை பயிற்சி முடிந்ததும் சேற்றுக் காலோடு ஆபீஸ் வாசலில் வந்து நிற்பான்.

"யாராச்சும் என்னைக் கேட்டாங்களா, எனிட்?"

"உள்ள கால வைக்காதே, இப்பத்தான் கூட்டினேன்."

சிரித்துக்கொண்டே போய்விடுவான். ஆனால் அவன் விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

1978 மார்ச்சில் கேட்டார்கள். இரண்டாம் டிவிஷன் கிளப் ஒன்றின் மானேஜரே போனில் பேசினார். வியாழனுக்குள் பதில் வேண்டும்; அதற்குப் பிறகு அந்த சீசனில் ஆள் மாற்ற முடியாது.

அப்போது நாங்கள் பட்டியலின் அடியில் கிடந்தோம். கடைசி நாலு இடத்தில் முடித்தால் மற்ற கிளப்புகளிடம் போய் ஓட்டுக் கேட்டு நிற்க வேண்டும். ஓட்டு விழாவிட்டால் லீகை விட்டே வெளியே. எங்கள் தலைவர் குரோஷா, கசாப்புக் கடைக்காரர், நான் எழுதி வைத்த சீட்டைப் படித்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"லென் போனா நாம காலி. அவன்கிட்ட மூச்சு விடாதே."

"அது அவன் வாழ்க்கை, மிஸ்டர் குரோஷா."

"இது ஊரு கிளப்பு, எனிட். கோடையில நானே சொல்லிக்கிறேன்."

எனக்கும் அந்தக் கிளப் மேல் பாழாய்ப்போன பாசம். அன்று சாயங்காலம் லென் வந்து கேட்டபோது, "யாரும் கேக்கல," என்றேன்.

ஒரே ஒரு புள்ளியில் தப்பினோம். கோடையில், லென்னைக் கேட்ட அந்த மானேஜரையே அவர் கிளப் வேலையை விட்டு அனுப்பிவிட்டது. குரோஷா சொல்லவே இல்லை. செத்தும் போனார். லென் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்பதை விட்டுவிட்டான். முப்பத்தேழு வயதில் முழங்கால் போய், பஸ் ஓட்டப் போனான்.

அடுத்த வருடம் அவன் மகன் கிரேக்கை ஒரு பெரிய கிளப் சோதனைக்குக் கூப்பிட்டது. லென் விடவில்லை. "நம்ம ரத்தத்துல அவ்வளவு திறமை இல்லடா," என்று குழாய் வேலைக்கு அனுப்பினான். அதைக் கேட்டும் நான் வாயைத் திறக்கவில்லை. நானெல்லாம் ஒரு மனுஷி!

போன மாதம், ஆட்டத்துக்கு முன்னால், ரசிகர்கள் கூடும் பாரில் நானும் லென்னும் இறைச்சி அடைத்த பேஸ்ட்ரி தின்றுகொண்டிருந்தோம். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கிளப் போடும் மலருக்கு எழுதும் பெண் வந்து, வேறு கிளப் ஏதாவது அவனைக் கேட்டதா என்றாள்.

"என்னையா? நான் அந்த ரகம் இல்லம்மா," என்று சிரித்தான்.

அவள் நகர்ந்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கத்துவான் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முள்கரண்டியைக் கீழே வைத்தான். கண் சிவந்திருந்தது.

"அந்த மானேஜர் என்ன சொன்னாரு? அப்படியே சொல்லு."

"மூணு தடவை வந்து பார்த்தாராம். இவன் எதுக்கு நாலாம் டிவிஷன்ல கிடக்கிறான்னு கேட்டாரு."

மறுபடி சொல்லச் சொன்னான். சொன்னேன். பிறகு கிரேக்குக்குப் போன் போட்டான்.

"நம்ம ரத்தத்துல திறமை இல்லன்னு உன்கிட்ட நான் தப்பா சொல்லிட்டேன்டா," என்றான்.