வரையாட்டு உண்ணி

பேய், பிசாசு என்று யாராவது வாயைத் திறந்தால் முகத்துக்கு நேராகச் சிரிக்கிற ஆள் நான். சங்கரன்கோவிலில் புற்றுமண்ணைப் பூசினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிற கூட்டத்தைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல். கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறேன், அதிலும் உண்ணிகளைப் பற்றித்தான் ஆராய்ச்சி. நீங்களும் நம்பப்போவதில்லை, நம்பவும் வேண்டாம், கேட்டுக்கொள்ளுங்கள்.

என் மனைவி கோமதி பிள்ளை மாதிரி வளர்த்த ஆடு, செவலை. போன சித்திரையில் காய்ச்சல் கண்டு, தீனி எடுக்காமல் படுத்துவிட்டது. ரோமத்துக்குள் உண்ணி ஊர்ந்தது. ஒன்றை எடுத்து லென்ஸில் பார்த்தேன், சிரிப்புதான் வந்தது. மலை உச்சியில் வரையாட்டின் மேல் மட்டும் ஒட்டி வாழ்கிற அபூர்வ ஜாதி அது, நம் ஊர் வெயிலைத் தாங்கவே தாங்காது. செவலையோ எங்கள் கொல்லையைத் தாண்டியதில்லை, நானும் மலைப்பக்கம் போய் வருஷக்கணக்காகிறது. டாக்டர் ஊசி போட்டார், கோமதி எனக்குத் தெரியாமல் புற்றுமண் பூசினாள், இரண்டும் கேட்கவில்லை.

உண்ணிகளை ஒரு கண்ணாடிக் குப்பியில் போட்டு வாயைத் துணியால் கட்டினேன். மூச்சு விடுகிற பிராணி கிட்டே வந்தால், அதன் மேல் ஏறிக்கொள்ள உண்ணி முன்னங்கால்களைத் தூக்கும். நல்ல மத்தியானம். அத்தனையும் ஒரே சமயத்தில் காலைத் தூக்கின, என் பக்கம் அல்ல, யாருமே இல்லாத கொல்லைக் கதவின் பக்கம். குப்பியைத் திருப்பி வைத்தேன், அவையும் திரும்பிக்கொண்டன. செவலையும் அந்தக் கதவைப் பார்த்துத்தான் கத்தியது.

"என்னங்க, அங்கன ஏதோ வந்து நிக்குது. கயித்த அவுத்து விட்டுருங்க, எங்கயாவது போய் உசுரோட கெடக்கட்டும்" என்று கோமதி அழுதாள்.

"ஏட்டி, வரையாடு மலைய விட்டு எறங்கி வாசுதேவநல்லூர் பஸ்ஸுல ஏறியா வந்துருக்கு? டிக்கெட் எடுத்துச்சான்னு கேளு" என்றேன். அவிழ்க்கவில்லை.

பொழுது சாய்வதற்குள் செவலை செத்துப்போனது. அன்றிலிருந்து கோமதி என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

ஒன்றைத் தவிர எல்லா உண்ணிகளும் செத்தன. அந்த ஒன்று இந்த வெயிலில் எப்படிப் பிழைத்துக் கிடக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஆடு செத்த பிறகு அது கொல்லையைப் பார்த்துக் கால் தூக்கவில்லை, வீட்டுக்குள் பார்த்துத் தூக்கியது. பேய் என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வராது, சொல்கிறவன் மேல் இளக்காரமும் போகவில்லை. ஆனால் நேற்று எத்தனை தடவை குப்பியைத் திருப்பினாலும் அது கோமதியின் கட்டில் பக்கமே திரும்பியது. அவளுக்குக் காய்ச்சல்.

பயந்துவிட்டேன், ஒத்துக்கொள்கிறேன். இன்று காலை திருவேங்கடத்துக்கு, அவள் அம்மா வீட்டுக்கு, நானே டிக்கெட் எடுத்து பஸ் ஏற்றிவிட்டேன். கூட வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டாள். திரும்பி வந்து குப்பியைப் பார்த்தேன். உண்ணி காலை மடக்கிக்கொண்டு கிடக்கிறது, எந்தப் பக்கம் திருப்பினாலும் தூக்கவில்லை. வந்து நின்றது எதுவோ, அது இப்போது இந்த வீட்டில் இல்லை.

கோமதிக்கு அப்போதிலிருந்து போன் அடிக்கிறேன், எடுக்கமாட்டேன் என்கிறாள்.