தணிகாசலத்தின் நாக்கும் வெள்ளை ஃபியட்டும்

எழுபதுகளில் புதுச்சேரியில் பழைய ஃபியட் வாங்க நினைத்தவர்கள், பணத்தைத் தேடுவதற்கு முன் தணிகாசலத்தைத் தேடினார்கள். புதுக் காருக்குப் பதிவு செய்துவிட்டு ஒருவன் கல்யாணம் பண்ணிப் பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைக்குப் பல் முளைத்த பிறகுதான் கார் வரும் என்ற காலம். அதனால் நடுத்தரக் குடும்பத்துக்கு வாய்த்ததெல்லாம் யாரோ ஓட்டிக் களைத்த ஃபியட். அது களைத்த வண்டியா, செத்த வண்டியா என்று சொல்லத் தணிகாசலம் வேண்டும்.

பஞ்சாலை மேலாளருக்குக் கார் ஓட்டி ஓய்ந்தவர். கதவைச் சாத்திக் காது கொடுத்துக் கேட்பார். சட்டைப் பையிலிருந்து காந்தத்தை எடுத்துத் தகட்டில் வைப்பார். பட்டி பூசி ஓட்டையை மறைத்த இடத்தில் அது ஒட்டாமல் நழுவும். கடைசியில் காருக்கு அடியில் மல்லாந்து நுழைந்து, அடித்தகட்டை விரலால் வழித்து நாக்கில் வைப்பார். அங்கேதான் வித்தை. கடலோரத்தில் நின்ற காரை உப்புக் காற்று தின்றிருக்கும் அல்லவா? ஒரு டாக்டரின் காரைச் சுவைத்துவிட்டு, "கடற்கரைச் சாலையில கெழக்க பாத்து நின்ன வண்டி. ஓட்டினவரு தெனம் ரசஞ்சோறு சாப்புடறவரு" என்றாராம். நீங்கள் நம்பாவிட்டால் போங்கள், டாக்டர் நம்பினார்.

ஊருக்கே கார் பார்த்துக் கொடுத்தவரிடம் சொந்தமாக இருந்தது ஒரு சைக்கிள். அதில் அவருக்குக் குறையே இல்லை, சகலை கிருஷ்ணசாமி வந்து நிற்கிற வரைக்கும். கிருஷ்ணசாமி, தணிகாசலத்தின் மனைவி செல்வாம்பாளின் தங்கை அஞ்சலாட்சியைக் கட்டியவன். தட்டாஞ்சாவடியில் இரும்பு பீரோ செய்யும் பட்டறை வைத்து முன்னுக்கு வந்தவன்.

"அண்ணே, கருவடிக்குப்பத்துல ஒரு ஃபியட் இருக்குது. நீங்க பாத்து சரின்னா எடுத்துடறேன்."

"உனக்கு எதுக்குடா காரு? பட்டறைக்கு நடந்து போனா உடம்புக்கு நல்லதாச்சே."

"எனக்கில்லண்ணே. அஞ்சலாட்சி ஆசப்படறா."

உள்ளேயிருந்து செல்வாம்பாளின் குரல் வந்தது. "ஆசப்பட்டா வாங்கிக் குடுக்க ஒரு ஆம்பள! குடுத்து வெச்சவ."

தணிகாசலத்துக்குக் குடித்துக்கொண்டிருந்த காப்பி கசந்தது.

காருக்குச் சொந்தக்காரர் நாராயணசாமி, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்கும் சொல்தா. பிரான்சில் இருக்கும் மகனிடம் போவதால் விற்கிறார். வெள்ளை ஃபியட் குளித்துப் பொட்டு வைத்த கல்யாணப் பெண்ணாக வாசலில் நின்றது. கதவு அலுங்காமல் சாத்திக்கொண்டது. காந்தம், வைத்த இடமெல்லாம் விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டது. ஸ்டியரிங்கை ஒட்டிய கியர் முனகாமல் விழுந்தது. 'ஒரு குறை, ஒரே ஒரு குறை குடு சாமி' என்று வேண்டிக்கொண்டே அடியில் நுழைந்தார். விரலில் வந்தது செம்மண். நாக்கில் வைத்தார். சுத்தமான கிணற்றடி மண். உப்பு ஒரு கல் இல்லை.

மல்லாந்தபடியே அவர் கண்ணுக்கு ஒரு காட்சி தெரிந்தது: அந்தக் காரில் பட்டுப்புடவையோடு அஞ்சலாட்சி, இவர் வீட்டு வாசலில் ஹாரன் அடிக்கச் சொல்கிறாள். வெளியே வந்து துப்பினார்.

"உப்பு. அநியாய உப்பு. அடித்தகடு ஒரு வருஷம் தாங்காது."

நாராயணசாமி குதித்தார். "மிசியே! இந்த வண்டி கடலைக் கண்ணால பாத்ததில்ல!"

"வண்டி பாக்கலன்னா என்னா, காத்து பாத்திருக்கும்ல?"

கிருஷ்ணசாமியின் முகம் தொங்கியது. அண்ணன் நாக்குக்கு மேல் அப்பீல் ஏது? தணிகாசலம் வீட்டுக்கு வந்து, மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அடுத்த வாரம் வாசலில் ஹாரன் சத்தம். அதே வெள்ளை ஃபியட். கிருஷ்ணசாமி இறங்கினான், பின் சீட்டில் அஞ்சலாட்சி.

"மனசு கேக்கலண்ணே. அடித்தகடுதான போச்சு, நம்ம பட்டறையில இல்லாத தகடான்னு எடுத்துட்டேன். பழச அறுத்துப் பாத்தா..." குரலைத் தாழ்த்தினான். "பொட்டுத் துரு இல்லண்ணே. திரும்ப வெல்டிங் வெச்சு மூடிட்டேன்."

தணிகாசலம் குனிந்து காரின் அடியைப் பார்த்தார்.

"வருத்தப்படாதீங்க. வயசானா நாக்கு போறதுதான். கடைத்தெருவுலயும் சொல்லிட்டேன், இனிமே அண்ணனை யாரும் கூப்புட்டுத் தொந்தரவு பண்ணாதீங்க, நாக்கு செத்துப்போச்சு பாவம்னு."

தலையை ஆட்டிவிட்டால் போதும். பொய் வெளியே வராது. ஆனால் அப்புறம் ஒருவரும் கார் பார்க்கக் கூப்பிட மாட்டார்கள். ஆட்டத்தான் பார்த்தார். அந்தப் 'பாவம்' பொறுக்கவில்லை.

"எவன்டா சொன்னான் என் நாக்கு செத்துப்போச்சுன்னு? செம்மண்ணுடா அது! கெணத்தடிச் செம்மண்ணு! அன்னிக்கே தெரியும் எனக்கு!"

"அப்புறம் ஏண்ணே உப்புன்னு..."

"வயித்தெரிச்சல்டா! நீ காரு வாங்கறது எனக்குப் பொறுக்கல, போதுமா? கடைத்தெருவுல போயி அதச் சொல்லு! நாக்கப் பத்தி மட்டும் பேசாத!"

எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. அஞ்சலாட்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். செல்வாம்பாள் உள்ளே போய் நல்ல புடவை மாற்றிக்கொண்டு வந்து, தங்கை பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

"காலாப்பட்டு வரைக்கும் விடு தம்பி. அவருக்கு இஷ்டமிருந்தா வரட்டும், இல்லன்னா சைக்கிள்ல வரட்டும்."

கிருஷ்ணசாமி முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். தணிகாசலம் நெடுநேரம் வானத்தைப் பார்த்தார். பிறகு விறைப்பாக ஏறி உட்கார்ந்து, காற்றுக்காகக் கண்ணாடியை இறக்கினார். சிக்காமல், சத்தமில்லாமல் இறங்கியது. பாவி, அதுகூட நன்றாகத்தான் இருந்தது.