கப்பலுக்கு ஏது வடக்கு

கப்பலில் பால்கனி வைத்த அறை உண்டு என்று கேள்விப்பட்ட மறுநாளே, அதில் நின்று கடலுக்குக் கை காட்டப்போகிறேன் என்று வகுப்பில் முப்பத்தெட்டுப் பேருக்கும் சொல்லி முடித்துவிட்டேன். அறையை இன்னும் யாரும் எடுக்கவேயில்லை என்பதைச் சொல்லவில்லை. பஸ்ஸில் ஏறினால் வாந்தி எடுப்பேன் என்பதையும் சொல்லவில்லை. அதைச் சொல்ல அவசியமும் இல்லை. பள்ளிச் சுற்றுலாவில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் அவ்வளவு சீக்கிரம் மறந்திருக்க மாட்டார்கள்.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பாவுக்குக் கொஞ்சம் நிலமும் ஒரு டிராக்டரும் இருந்தன. அம்மாவின் தம்பி சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். அந்த மாமாதான் முழுப்பரீட்சை லீவில் எங்கள் மூன்று பேரையும் வரவழைத்து, தன்னோடும் மாமியோடும் கப்பலில் கூட்டிப்போவதாகச் சொன்னார். சிங்கப்பூரில் ஏறி, மூன்று நாள் கடலில் சுற்றி, மறுபடி சிங்கப்பூரிலேயே இறங்க வேண்டும். "கெளம்புன எடத்துக்கே திரும்பி வர்றதுக்கு எதுக்குங்க கப்பலு?" என்று டீக்கடையில் அப்பாவைக் கேட்டார்களாம். அப்பா டீயை மட்டும் குடித்துவிட்டு வந்துவிட்டார்.

மாமா கப்பலின் வரைபடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அதை ஜெராக்ஸ் கடையில் பெரிதாக எடுத்து, டேப் போட்டு ஒட்டி, கூடத்தில் விரித்தோம். அடுக்கடுக்காகத் தளங்கள், ஒவ்வொன்றிலும் தீப்பெட்டி தீப்பெட்டியாக அறைகள். அப்பா அதன்மேல் குப்புறப் படுத்துக்கொண்டு, நிலம் வாங்கப்போகிறவர் புலப்படத்தைப் பார்ப்பதுபோல ஒவ்வொரு கோடாகப் பார்த்தார்.

போனில் மாமா பாடம் எடுத்தார். "மச்சான், ரெண்டே விஷயந்தான். ஒண்ணு சத்தம், இன்னொண்ணு ஆட்டம். மேலயும் கீழயும் ரூமாவே இருக்கற எடமாப் பாக்கணும். டான்ஸ் ஹாலுக்குக் கீழ எடுத்தா தங்கு தங்குன்னு குதிப்பான். நீச்சல்குளத்துக்குக் கீழ எடுத்தா விடியக்காலைலயே நாக்காலிய இழுப்பான்."

"சரி, ஆட்டம்?"

"ஒசரம் போகப் போக ஆடும். மூக்குப் பக்கம் ரொம்ப ஆடும். கீழ, நட்ட நடுவுல இருந்தீங்கன்னா ஆடுறதே தெரியாது."

இது அப்பாவுக்குச் சட்டென்று பிடிபட்டது. "டிராக்டர் டிப்பர் மாதிரின்னு சொல்லு. அச்சுக்கு மேல ஒக்காந்தவன் தூங்கிக்கிட்டே வருவான். கடைசில ஒக்காந்தவன் வரப்புக்கு ஒரு தடவ ஆகாசத்துக்குப் போயிட்டு வருவான்."

நாங்கள் கேட்ட தேதியில் இரண்டு அறைதான் மிச்சம். ஒன்று மேல்தளத்தில், மூக்குப் பக்கம், மாமா தனக்கு எடுத்திருந்த அறைக்கு அடுத்தது. பால்கனி உண்டு. இன்னொன்று கீழே, நடுவில். பால்கனி இருக்கட்டும், ஜன்னலே கிடையாது.

"வீட்ல யாருக்காச்சும் வாந்தி கீந்தி வருமா?" என்றார் மாமா.

அம்மாவும் அப்பாவும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள்.

"அதெல்லாம் அஞ்சாவது படிக்கும்போது" என்றேன். "இப்ப வர்றதில்ல."

அப்பா கொஞ்சம் யோசித்தார். "சரி, ஞாயித்துக்கெழம வேளாங்கண்ணி போவோம். பஸ்ஸுல கடைசி சீட்டு. வாந்தி எடுக்காம வந்துட்டியன்னா பால்கனி. எடுத்தியன்னா கீழ் ரூமு. சம்மதமா?"

சம்மதம் என்றேன். முப்பத்தெட்டுப் பேருக்குச் சொன்னவள் வேறென்ன சொல்ல முடியும்?

ஞாயிற்றுக்கிழமை கொடுத்த நாலு இட்லியில் மூன்றை நாய்க்குப் போட்டேன். அம்மா தந்த எலுமிச்சம்பழத்தை முகர்ந்து முகர்ந்தே பாதியாக்கினேன். திருத்துறைப்பூண்டி வரைக்கும் நான் வீராங்கனைதான், பாட்டுக்கூடப் பாடினேன். பக்கத்தில் அப்பா முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்கினார். அதற்கப்புறம் ரோடு கெட்டது. வயிற்றுக்குள் யாரோ சேற்றுழவு ஓட்ட ஆரம்பித்தார்கள். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியதும் இழுத்ததும்தான் தெரியும், மூன்றே விநாடி. வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். அப்பாவின் துண்டு அசையவில்லை. அதுவரை இல்லாத குறட்டை ஒன்றும் புதிதாகக் கேட்டது. தப்பித்தேன்.

வேளாங்கண்ணியில் இறங்கியதும் கண்டக்டர் பஸ்ஸின் பக்கவாட்டைப் பார்த்துவிட்டார். "யாருங்க இது? பின்னாடி ஜன்னல் பக்கம் யாரு ஒக்காந்திருந்தது?"

எனக்கு முன்சீட்டில் ஒரு கல்லூரி அண்ணன் வந்திருந்தார். நான் எதுவும் சொல்லவில்லை. அவரைப் பார்த்து மிகவும் இரக்கப்பட்டேன், அவ்வளவுதான். என் பார்வையைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"ஐயோ, நான் இல்லங்க!"

"பின்ன என்ன, டிரைவரா எடுத்தாரு?"

அப்பா நடுவில் புகுந்தார். "விடுங்க சார். புள்ள என்னத்தயோ தின்னுருக்கும்." கையிலிருந்த பாட்டில் தண்ணீரை ஊற்றி அவரே கழுவிவிட்டார். போதாதென்று அந்த அண்ணனைக் கூட்டிப்போய் ஒரு சர்பத் வாங்கிக் கொடுத்தார். முன்பின் தெரியாதவனின் வாந்தியைக் கழுவி, அவனுக்குச் சர்பத்தும் வாங்கித் தருகிற அப்பா யாருக்குக் கிடைப்பார்? எனக்குப் பெருமையாக இருந்தது.

வரும்போது முழுக்கத் தூங்கிவிட்டேன். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "பாஸ்!" என்று கத்தினேன்.

சாயங்காலம் மாமா வீடியோ காலில் வந்தார். "மருமக பாஸாமே! பால்கனிய போட்ரவா மச்சான்?"

"பாஸுதான் மாப்ள" என்றார் அப்பா. "ஒரு சிக்கல். அந்த ரூமுல கட்டில் கெடக்குறதப் பாத்தியா? வடக்க தல வருது. வடக்க தல வச்சு எப்புடிப் படுக்குறது?"

மாமா போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்.

"மச்சான், அது கப்பலு."

"தெரியுது."

"திரும்பும் மச்சான். காலைல வடக்குன்னா சாயங்காலம் தெக்கு. கப்பலுக்கு ஏது வடக்கு?"

"படத்துல மேல் பக்கம் வடக்குதான? கீழ் ரூமுல பாரு, தெக்க தல வருது. அம்சமா இருக்கு."

மாமா சிரித்தார். பின்னால் மாமி சிரிப்பது தனியாகக் கேட்டது. நான் அம்மாவிடம் முறையிட்டேன். அம்மா அப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு போனைப் பார்த்து, "ஆமாந் தம்பி, அவரு அதெல்லாம் பாப்பாரு. கீழ உள்ளதையே போட்டுரு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நான் உலக உருண்டையை எடுத்துவந்து சுற்றிச் சுற்றிக் காட்டினேன். ஒரு செருப்பைக் கப்பலாக்கித் தரையில் ஓட்டினேன். சமூக அறிவியலில் அரையாண்டுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கியவளுக்கு, வடக்குத் தெரியாத தகப்பன். அழுதேன். அன்று சாப்பிடவும் இல்லை. காலையிலிருந்து ஒரு இட்லிதான் உள்ளே போயிருந்தது, அதுவும் தங்கவில்லை என்பதைக் கோபத்தில் மறந்துவிட்டேன்.

கப்பல் ஏறினோம். விளக்கை அணைத்தால் எங்கள் அறை சாக்குக்குள் போட்டுக் கட்டியதுபோல இருந்தது. ஆட்டமில்லை, சத்தமில்லை. அப்பா போனில் திசைகாட்டியைத் திறந்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, தலையணையைக் கட்டிலின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் தூக்கிக்கொண்டு அலைந்தார். நான் பார்க்கும்போதெல்லாம் அலைந்தார்.

மறுநாள், வகுப்புக்காக ஒரு போட்டோவாவது எடுக்கலாம் என்று மாமாவின் பால்கனிக்குப் போனேன். மாமி எலுமிச்சம்பழத்தோடு சுருண்டு கிடந்தார். "இங்க எதுக்குடி வந்த, ஓடிரு" என்றார். தலைக்கு மேலே நீச்சல்குளம், நாற்காலிகள் கரகரவென்று இழுபட்டன. தூக்கமில்லாத மாமாவின் கண்கள் மிளகாய்ப்பழமாக இருந்தன. பால்கனியில் நின்றேன். கடல் கம்பி வரைக்கும் ஏறியது, பிறகு ஆளையே காணோம், மறுபடி ஏறியது. ஒரே போட்டோதான். "இங்க போரடிக்குது மாமா" என்று கீழே ஓடிவந்து கட்டிலில் மல்லாந்தேன். அப்பா ஒன்றும் கேட்காமல் தலையணையைத் தள்ளிவைத்தார். எந்தப் பக்கம் தெற்கு என்று அப்போது பார்க்கவில்லை.

மிச்ச நேரமெல்லாம் கொண்டாட்டம்தான். ஐஸ்கிரீம் கணக்கில்லாமல் தின்றேன், நீரில் சறுக்கினேன், யாரென்றே தெரியாத சீனப் பிள்ளைகளோடு ஆடினேன். மூன்று நாளில் ஒருமுறைகூட வாந்தி வரவில்லை. அது என் திறமை என்றே நினைத்தேன்.

பள்ளி திறந்ததும் அந்த ஒரே போட்டோவைக் காட்டினேன். முகம் ஏன் பச்சையாக இருக்கிறது என்று கேட்டவர்களிடம் வெயில் என்றேன். பால்கனி போனது எங்கள் அப்பாவின் மூடநம்பிக்கையால் என்று முப்பத்தெட்டுப் பேருக்கும் விளக்கினேன். வீட்டுக்கு யார் வந்தாலும் அதை நடித்தே காட்டுவேன். உள்ளங்கையில் போன், கக்கத்தில் தலையணை, நெற்றியில் சுருக்கம், "தெக்கு... தெக்கு எங்க போச்சு?" உறவுக்காரர்கள், அறுவடை மிஷின்காரர், லீவில் வந்த மாமா, எல்லோரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார்கள். எல்லோரையும்விட அப்பாதான் அதிகம் சிரிப்பார். "இன்னொரு தடவ பண்ணிக் காட்டு" என்பார்.

அந்த நாடகத்துக்கு ஒரு கட்டில் வேண்டும். கூடத்தை ஒட்டிய அறையில் அப்பாவின் கட்டில் கிடந்தது. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அதன் தலைமாடு வடக்குச் சுவரை ஒட்டித்தான் இருக்கும். மின்விசிறிக்குக் கீழே வேறு வாக்கில் போட அந்த அறையில் இடமில்லை. வருஷக்கணக்கில் அந்தக் கட்டிலில் ஏறி நின்றுதான் அப்பாவை நடித்துக் காட்டினேன். அவர் தினமும் எந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கிறார் என்று ஒருநாளும் பார்க்கவில்லை.