வராதவர் வாசலில் நின்ற அப்பா

முதுமையிலும் சுறுசுறுப்பாக இருப்பது எப்படி என்ற தலைப்பில் நான் ஒரு கல்யாண மண்டபத்தில் முக்கால் மணி நேரம் பேசியிருக்கிறேன். ஓய்வுபெற்றவர்கள் கூட்டம் ஒன்றுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நகைச்சுவையாகப் பேசுகிறவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அதை நம்புகிறவர்களும் உண்டு. நடக்க வேண்டும், குனிந்து நிமிர வேண்டும், நண்பர்களைத் தேடிப் போக வேண்டும் என்றெல்லாம் அடுக்கிவிட்டு, கைதட்டலோடு மேடையிலிருந்து இறங்கக் காலை எடுத்து வைத்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. ஒரு கால் மேடையிலும் ஒரு கால் காற்றிலுமாக நான் நின்ற நிலையை அந்தச் சபை என் பேச்சைவிட அதிகம் ரசித்தது. முன்வரிசையிலிருந்து எழுந்து வந்து, அக்குளில் கைகொடுத்து என்னை இறக்கிவிட்டவர் அப்பா. எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. அவருக்கு எழுபத்தாறு.

"பாத்து எறங்கு, படி இருக்கு" என்றார். கண்டக்டராக இருந்தபோது தள்ளாதவர்களிடம் சொல்லும் அதே குரல்.

அப்படிப்பட்டவன்தான் இந்த முதலாண்டு நினைவு மலரில் அப்பாவின் பிற்காலத்தைப் பற்றி எழுதுகிறேன். தகுதி பார்த்துக் கொடுத்த வேலை அல்ல. வீட்டில் மற்ற எல்லோருக்கும் உருப்படியான வேலை இருந்தது.

அப்பா பிறந்தது குன்றாண்டார்கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு சிறு கிராமம். மழை பெய்த வருடம் விவசாயி, பெய்யாத வருடம் கூலி என்று இருந்த குடும்பம். அவர் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோதே அவருடைய தகப்பனார் காய்ச்சலில் போய்விட்டார். தாயார் கல் குவாரிக்கு ஜல்லி உடைக்கப் போனார். விடுமுறை நாட்களில் அப்பாவும் போனார். இடது கைக் கட்டைவிரல் நகம் அங்கே நசுங்கியது. கடைசிவரை அது கோணலாகத்தான் வளர்ந்தது. பத்தாவது முடித்து, தனியார் வண்டியில் கிளீனராகச் சேர்ந்து, பிறகு போக்குவரத்துக் கழகத்தில் கண்டக்டராகி, அம்மாவைக் கைப்பிடித்து ஆலங்குடியில் குடியேறினார். பெரும்பாலும் ஜெகதாப்பட்டினம் வண்டி. மீன்கூடைக்காரப் பெண்களோடு சண்டை போட்டு ஒருமுறைகூட அவர் ஜெயித்ததில்லை என்று அவருடன் வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். எங்களைப் படிக்க வைத்தார். அதற்காகப் பட்ட பாட்டைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை, நான் பேசுகிற தொழிலில் இருந்தேன்.

ஓய்வுபெற்ற மறுவாரமே அப்பா பூப்பந்து மட்டையைக் கையில் எடுத்தார். வாலிபத்தில் ஆடியது. எங்கள் பக்கத்தில் கிரிக்கெட் வருவதற்கு முன் எல்லா ஊரிலும் மஞ்சள் கம்பளிப் பந்தும் ஒரு வலையும் இருந்தன. பழைய ஆட்டக்காரர்கள் எட்டுப் பேர் சேர்ந்தார்கள். பல வருடம் கிடைத்த இடத்தில் ஆடினார்கள். பிறகு, அவர்களில் ஒருவரான, தேங்காய் வியாபாரம் பார்த்த முத்தையா மாமாவின் தோப்பில் ஒரு மூலையைக் கஜா புயல் சுத்தமாக மழித்துப் போட்டது. விழுந்த மரங்களை அப்புறப்படுத்திய பிறகு, அந்த இடத்தில் மறுபடி கன்று வைக்க மாமாவுக்கு மனம் வரவில்லை. "காய்க்கிறதுக்குள்ள நான் இருக்க மாட்டேன். வலையக் கட்டுங்கடா" என்றாராம். அதுதான் கோர்ட்டு.

விடிந்ததும் ஆட்டம். ஆடியதைவிடக் கத்தியது அதிகம். கோட்டில் விழுந்த பந்து உள்ளேயா வெளியேயா என்று நடக்கும் வழக்கு, அடுத்த நாளைக்கு ஒத்திவைக்கப்படும். அப்பா ஆட்டத்துக்கு நடுவிலும் கண்டக்டர்தான். "உள்ள போ, உள்ள போ, வாசல்ல நிக்காத" என்று வலை ஓரத்தில் நிற்கிறவர்களை விரட்டுவார்.

அந்த எட்டுப் பேரில் ஒருவர் தனியாக வாழ்ந்தவர். ஒரு நாள் ஆட்டத்துக்கு வரவில்லை. எங்காவது கல்யாணத்துக்குப் போயிருப்பான் என்று இவர்கள் ஆடிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவர் குளியலறையில் விழுந்து கிடந்தார். மறுநாள் பால்காரர் சொல்லித்தான் தெரிந்தது. விழுந்தவுடன் போகவில்லை, ரொம்ப நேரம் உயிர் இருந்திருக்கிறது என்று மருத்துவமனையில் சொன்னார்களாம். அன்றிலிருந்து ஒரு வழக்கம் வந்தது. விடிகாலையில் யார் வரவில்லையோ, மற்றவர்கள் மட்டையோடு அவர் வீட்டு வாசலுக்குப் போவார்கள். உள்ளே இருப்பவர் வெளியே வந்து முகத்தைக் காட்ட வேண்டும். காய்ச்சலா, காட்டு. சண்டையா, வந்து திட்டு. முகத்தைக் காட்டாமல் யாரும் வீட்டில் படுத்திருக்கக் கூடாது. அப்பா இதற்குச் "செக்கிங்" என்று பெயர் வைத்தார்.

எட்டு, ஐந்தாகி, மூன்றானது. ஒருவருக்குப் பக்கவாதம், ஒருவர் மகளோடு கோயம்புத்தூர் போய்விட்டார், மற்றவர்கள் போனதைப் பற்றி எழுதுவதற்கு இந்த மலரில் இடம் போதாது. மீதி இருந்தது அப்பா, முத்தையா மாமா, ஆரோக்கியசாமி சார். சார், ஆவூர்ப் பக்கத்திலிருந்து ஆசிரியராக ஆலங்குடிக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். அப்பாவுக்கு நாற்பது வருடச் சிநேகிதர். மூன்று பேரை வைத்துப் பூப்பந்து ஆடுவது எப்படி என்று யாரும் கேட்கக் கூடாது. ஆடினார்கள்.

இதற்கிடையில் அப்பாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. புதுக்கோட்டையில் காட்டினோம். இருதயம் வீங்கியிருக்கிறது, பாதி பலத்தில்தான் ஓடுகிறது என்றார் டாக்டர். ஓடக் கூடாது, மாத்திரையை ஒரு வேளைகூட விடக் கூடாது. அப்பா ஓடுவதை மட்டும் நிறுத்தி, பின்வரிசையில் நின்றபடி ஆடினார்.

அந்த வருடம்தான் ஆரோக்கியசாமி சாரின் மனைவி இறந்தார். மகன் வளைகுடாவிலிருந்து வந்து, அடக்கம் முடிந்து, விடுப்பு முடிந்து, போனார். சார் இரும்புக் கேட்டைப் பூட்டிக்கொண்டார். சர்க்கரைக்கு மாத்திரை போடுவதை நிறுத்திவிட்டார். சமைத்துக் கொடுக்கும் அம்மாள் அப்பாவிடம் வந்து சொன்னார்: "மாத்திர அட்டையெல்லாம் அப்படியே கெடக்குங்க. கேட்டா, அவ போன எடத்துக்கு எனக்கு எதுக்கு மாத்திரங்கிறாரு."

அப்பா அன்று சாப்பிடவில்லை. மறுநாளிலிருந்து தினமும் செக்கிங். திருச்சியிலிருந்து வந்திருந்த நானும் ஒரு நாள் கூடப் போனேன்.

"வாத்தியாரே! வண்டி கெளம்பப் போகுது, ஏறுறவங்க ஏறுங்க!"

உள்ளே ஜன்னல் மட்டும் திறந்தது. "யோவ் கண்டக்டரே, நான் இன்னும் சாகல. பாத்துட்டீல்ல, போ."

"மூஞ்சி தெரியல."

"மூஞ்சிய வச்சு என்ன பண்ணப் போற?"

"நாங்க ரெண்டு பேருதான்யா இருக்கோம். முத்தையா அங்கிட்டு நின்னா நான் இங்கிட்டு நிக்கிறேன். பந்தப் பொறுக்க ஆள் வேணாமா?"

"ஒம் மகன் நிக்கிறான்ல, அவனப் பொறுக்கச் சொல்லு."

"அவன் குனிஞ்சா நிமிர மாட்டான்யா. நம்ம ரெண்டு பேரும் தூக்கணும்."

உள்ளிருந்து ஒரு சிரிப்பு வந்த மாதிரி இருந்தது. அப்பா என்னைப் பெருமையாகப் பார்த்தார். என்னால் ஒரு பிரயோஜனம் ஏற்பட்டதைக் கண்டு ஒரு தகப்பன் பார்க்கும் பார்வை. ஆனால் கேட்டு திறக்கவில்லை. ஜன்னல் மூடிக்கொண்டது.

அதன் பிறகு அப்பா செய்ததை நான் பின்னால்தான் அறிந்தேன். தன்னுடைய மாத்திரைகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய், கேட்டுக்கு வெளியே நின்று, "நீ போட்டாத்தான் நான் போடுவேன்" என்று சொல்லியிருக்கிறார். சார் போடவில்லை. அப்பாவும் போடவில்லை. காலையில் ஒருவர் கேட்டுக்கு அங்கிட்டும் ஒருவர் இங்கிட்டுமாக நின்று, இரண்டு பேரும் மாத்திரை சாப்பிடாமல் அவரவர் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். ஒரு வாரத்துக்கும் மேல் இது நடந்தது. அப்பாவுக்குக் கால் வீங்கி, செருப்புக்குள் நுழையவில்லை. ஒரு காலை, கேட்டுக் கம்பியைப் பிடித்தபடியே அப்பா கீழே உட்கார்ந்துவிட்டார்.

சார் அன்று கேட்டைத் திறந்தார். ஆம்புலன்ஸில் கூட ஏறியதும் அவர்தான்.

ஏன் மாத்திரையை நிறுத்தினீர்கள் என்று டாக்டர் கேட்டபோது, ஆக்சிஜன் முகமூடியை ஒரு கையால் விலக்கிக்கொண்டு அப்பா சாரைக் காட்டினார். "இவன் போடல. அதான் நானும் போடல."

அந்த இளம் டாக்டர் எழுபதைத் தாண்டிய இரண்டு பேரையும் ஒரே மூச்சில் திட்டித் தீர்த்தார். சார் தலையைக் குனிந்தபடி, யாரும் சொல்லாமலே, அங்கேயே தன் மாத்திரைக்குத் தண்ணீர் கேட்டார். அப்பா கண்ணை மூடிக்கொண்டு படுத்தார். ஜெயித்தவர்களின் முகத்தை நான் மேடைகளில் நிறையப் பார்த்திருக்கிறேன். அது அந்த முகம்.

ஆனால் உடம்பு ஜெயிக்கவில்லை. வீட்டுக்கு வந்தவர் அதன் பிறகு கோர்ட்டுக்குப் போகவே இல்லை. சில மாதங்கள். படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் நாற்காலியிலேயே தூங்கினார். காலில் தோல் வெடித்து நீர் கசிந்தது. அம்மா பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றிவிடுவார். குளிக்க வைக்கும்போது அவர் எங்களிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி பார்ப்பார், அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. முத்தையா மாமாவும் சாரும் ஆட்டம் முடிந்து தினமும் வந்து உட்காருவார்கள். "ரெண்டு பேரு என்னத்தய்யா ஆடுறீங்க?" என்பார் அப்பா. "ஆடல. திட்டிக்கிட்டு இருக்கோம்" என்பார் மாமா. ஒரு நாள் காலை, அவர்கள் வருவதற்குள், காபி ஆறிக்கொண்டிருக்கும்போது அப்பா போய்விட்டார்.

மயானத்திலிருந்து திரும்பும்போது சார் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நாந்தாம்ப்பா கொன்னேன்" என்றார். இல்லை சார் என்றேன். நான் சொன்னதை என்னாலேயே முழுதாக நம்ப முடியவில்லை. அதை அவரும் பார்த்துவிட்டார்.

கொஞ்ச நாள் வந்தார். பிறகு எப்போதாவது. தெவசம் நெருங்க நெருங்க மறுபடி கேட்டைப் பூட்டிக்கொண்டார். மாத்திரை அட்டைகள் மறுபடி அப்படியே கிடக்கின்றன என்று சமையல் அம்மாள் வந்து சொன்னார். முத்தையா மாமா ஒற்றை ஆளாக மட்டையோடு போய் நிற்கிறார். "எனக்குக் கூப்புடத் தெரியல மாப்ள. ஒங்கப்பன் மாதிரி நக்கலா வர மாட்டேங்குது." என்றார் என்னிடம்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். அப்பாவைத் தன் தகப்பனைப் போல அதட்டிப் பார்த்துக்கொண்ட டாக்டருக்கும் செவிலியர்களுக்கும். இறுதி ஊர்வலத்துக்குச் சீருடையோடு டூட்டிக்கு நடுவில் ஓடி வந்த போக்குவரத்துக் கழகத் தோழர்களுக்கும். காரியங்களை முன்நின்று நடத்திய பங்காளிகளுக்கும் மாமன் மச்சான்களுக்கும். கேட்காமலே சோறு ஆக்கிக் கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும். தோப்பைக் கொடுத்த, தோளையும் கொடுத்த முத்தையா மாமாவுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

கட்டுரை இதோடு முடிந்திருந்தது. நண்பனின் உயிரைக் காப்பதற்காகத் தன் உயிரையே பணயம் வைத்தவர் எங்கள் அப்பா என்று கடைசியில் ஒரு பத்தியும் எழுதியிருந்தேன். நன்றாக வந்திருந்தது. அதைச் சாருக்கு வாசித்துக் காட்டினால் மனம் இளகி வெளியே வருவார் என்று நினைத்து, போன வாரம் காலையில் மாமாவோடு கிளம்பினேன். அம்மாவும் கூட வருவேன் என்றார்.

கேட்டுக்கு வெளியே நின்று, மேடைக்குரலில் வாசித்தேன். ஜன்னல் திறந்தது.

"நிறுத்துப்பா. அதத்தான நானும் சொல்றேன். எனக்காகத்தான் போனான். அவன் உசுர நான் தின்னுட்டு இருக்கேன்."

மாமா என்னைப் பார்த்த பார்வையில் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். இளக வைக்கப் போனவன், இருந்த பூட்டுக்கு மேல் இன்னொரு பூட்டைப் போட்டுவிட்டேன் என்று புரிந்தது.

அம்மா என்னை விலக்கிக்கொண்டு கேட்டின் கம்பியைப் பிடித்தார். "அண்ணே, இவன் மேடையில பேசுறவன். இவன் எழுதுனதெல்லாம் நம்பாதீங்க. ஒங்களுக்கு முந்தியே அவரு மாத்திரய நிறுத்திட்டாரு."

கதவு திறந்தது. வாரக்கணக்கில் மழிக்காத முகத்தோடு சார் கேட்டுவரை வந்தார். "என்னம்மா சொல்றீங்க? அப்ப எனக்காகன்னு ஆஸ்பத்திரில சொன்னது?"

"அந்த நீர் மாத்திரயப் போட்டா நிமிசத்துக்கு ஒருக்கா ஒண்ணுக்கு வருது, ஆட்டத்துல நிக்க முடியலன்னு எங்கிட்டதான் பொலம்புவாரு. ஒண்ணுக்குக்குப் பயந்து நிறுத்துனேன்னு டாக்டர்கிட்ட எப்படிண்ணே சொல்லுவாரு? நீங்க கேட்டப் பூட்டிக்கிட்டது நல்ல சாக்காப் போச்சு."