தலைமைக் குமாஸ்தாவின் மோட்டார்

அந்தச் சேறு என் வாய்க்குள்ளும் போயிருந்தது. ரங்கூனில் அடைமழைக் காலம். அரிசிக் கம்பெனியில் தற்காலிகக் குமாஸ்தாவாக இருந்த என்னை நிரந்தரமாக்குவது பற்றிப் பேச, துரை அன்று காலை வரச் சொல்லியிருந்தார். மழையில் டிராம் நின்றுபோனதால், வெளுத்த கோட்டும் தலைப்பாகையுமாகக் குடை பிடித்து, நான் குடியிருந்த தாமுவேயிலிருந்து நடந்தே போய்க்கொண்டிருந்தேன். பின்னால் எங்கள் தலைமைக் குமாஸ்தாவின் மோட்டார் வந்து வேகம் குறைந்தது. ஏற்றிக்கொள்ளப் போகிறார் என்று நம்பி, மடையன், சிரிக்கக்கூடச் சிரித்தேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு டிரைவரின் தோளைத் தட்டினார். வண்டி வேண்டுமென்றே பள்ளத்தில் இறங்கி, தேங்கியிருந்ததையெல்லாம் என்மேல் வாரி இறைத்துவிட்டுப் போனது.

ஆபீஸ் வாசலில் அவரே நின்றிருந்தார். "இந்தக் கோலத்தோட துரை முன்னால நிப்பியா? வீட்டுக்குப் போ, நான் சொல்லிக்கிறேன்" என்றார். நன்றாகவே சொல்லியிருக்கிறார். மறுநாள் எனக்கு வரவேண்டிய நாற்காலியில் அவருடைய மைத்துனர் உட்கார்ந்திருந்தார். நான் தற்காலிகக் குமாஸ்தாவாகவே தொடர்ந்தேன். இப்போது என் மகனிடமே கார் இருக்கிறது. "பழசையெல்லாம் விடுங்கப்பா" என்கிறான். நான் விடுவதாக இல்லை.

அடுத்த கோடையில் துரை விடுமுறைக்குச் சீமைக்குக் கப்பல் ஏறினார். அன்று பார்த்துப் பர்மியரின் தண்ணீர்த் திருவிழா. மாலை போட்டு வழியனுப்பி, மைத்துனருக்கு இன்னொரு உயர்வு கேட்பது தலைமைக் குமாஸ்தாவின் திட்டம். அத்தனை வருஷம் ரங்கூனில் இருந்தும் அவருக்குத் தெரிந்தது மோட்டார் போகும் பெரிய ரோடுகள்தான். அங்கெல்லாம் தண்ணீரை ஊற்றுவார்கள் என்று பயந்து, நடந்தே ஊரை அளந்த என்னைக் கேட்டார்: "எந்தத் தெருவுல தொந்தரவு இருக்காது?"

"எங்க தெருவுல வாங்கய்யா. ஈ காக்கா இருக்காது" என்றேன்.

எங்கள் தெருமுனையில் பர்மியப் பெண்கள் பீப்பாய் பீப்பாயாக நிரப்பி வைத்திருந்தார்கள். சேறு அல்ல, சுத்தமான குடிதண்ணீர். அந்த நாளில் யார்மேல் ஊற்றினாலும் வாழ்த்துதான். வாங்கிக்கொண்டு சிரித்துவிட்டால் வழிவிடுவார்கள். கோபித்தவனுக்கு மட்டும் இரட்டிப்பு. கூரையை மடித்து விட்டிருந்த மோட்டாரில் முதல் கிண்ணம் விழுந்ததும் அவர் எழுந்து நின்று கைத்தடியை ஓங்கினார். அவ்வளவுதான். தெருவே கூடிவிட்டது. சரிகைத் தலைப்பாகை கழன்று தொங்கியது, மாலை உதிர்ந்தது, என்ஜின் இரண்டு முறை செருமிவிட்டு அடங்கியது. கூட்டத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அப்படி ஒரு ஆனந்தம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

தூரத்தில் கப்பல் சங்கு ஊதியது. அவர் என்னைக் கண்டுகொண்டு ஓடிவந்தார். "தம்பி, இங்க டிராம் வருமா?" முதல் தடவையாக என்னைத் தம்பி என்றார்.

"பண்டிகை நாள்ல ஏதுங்கய்யா டிராம்? வேகமா நடந்தா கப்பலைப் பிடிச்சிடலாம்."

நம்பி நடந்தார். சொட்டச் சொட்ட, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ரோட்டோரமாக ஓட்டமும் நடையுமாகப் போனார். சற்று நேரத்தில் டிராம் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அவரைத் தாண்டும்போது மணி அடித்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார். என்னை நன்றாகப் பார்க்கட்டும் என்று தலையை வெளியே நீட்டிக்கொண்டேன்.