கடல் வந்துகினு கீது

மாலத்தீவு போக வேண்டும் என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்த நான், போன ஞாயிறு போய்வந்தது திருவொற்றியூர் கடற்கரைக்கு. கடல் ஏறி மூழ்கும் அபாயத்தில் இருக்கும் தீவு நாடுகளுக்காக ஒரு செயற்கை நுண்ணறிவுச் செயலி தயாராகிறதாம். மக்கள் போனில் சொல்வதைக் கேட்டு, எங்கே முதலில் தடுப்புக் கல் கொட்டுவது என்று அதுவே முடிவு செய்யும். தீவுக்கு அனுப்பும் முன் இங்கே சோதிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் கிளம்பிவிட்டேன்.

டோல்கேட்டிலிருந்து ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய். லாரிகள் வழிவிட்டால் கால் மணி நேரம்.

"அங்க பாக்க இன்னா சார் கீது? கல்லுதான் கீது," என்றார் ஓட்டுநர்.

கல் முடிகிற இடத்தில் தேசம்மா அக்காவின் வீடு. கணவர் கடலுக்குப் போகிறவர். சமையலறைச் சுவரைப் போன மாதம் அலை கொண்டுபோய்விட்டது. கல் இவர்கள் வாசல் வரை வராவிட்டால் இந்த மழைக்கு மிச்ச வீடும் தாங்காது.

செயலியிடம் சொன்னீர்களா என்று நான் கேட்டதும், அக்கா மறுபடி அதைக் கூப்பிட்டுப் பேசிக் காட்டினார்.

"கடலு வூட்டுக்குள்ள வந்துகினு கீது."

"தங்கள் கடல் கீதத்துக்கு நன்றி. பண்பாட்டுத் தொகுப்பில் சேர்த்துக்கொண்டோம்," என்றது ஒரு தேன் குரல்.

'கீது' அதன் காதில் கீதமாக விழுந்திருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"எத்தினி தபா சொல்றது தம்பி? நான் இன்னா கச்சேரியா பண்ணிகினு கீறேன்?"

குப்பத்தில் எல்லாரும் இப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். செயலியின் வரைபடத்தில் அந்தத் தெரு முழுக்கப் பச்சை. ஆபத்தில்லை என்று அர்த்தமாம்.

நான் பேசிப் பார்த்தேன். குடியிருப்பவர் குரல் மட்டுமே செல்லும் என்றது. வேறு வழியில்லாமல் 'வந்துகொண்டிருக்கிறது' என்று சொல்ல அக்காவைப் பழக்கினேன். கடல் வாசலில் நிற்கும்போது இலக்கண வகுப்பு எடுக்க எனக்கே அசிங்கமாக இருந்தது. நாளைக்கு ஏதோ ஒரு தீவில் யாரோ ஒருத்தியும் தன் வீட்டுப் பேச்சை விட்டுவிட்டு இப்படித்தான் திக்கப்போகிறாள்.

ஒருவழியாக அக்கா சரியாகச் சொன்னார். செயலியும் ஏற்றுக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனது.

"வீட்டில் தற்போது ஆட்கள் இருக்கிறார்களா?"

"கீறோம்," என்றார் அக்கா, பட்டென்று.

"பதில் கிடைக்கவில்லை. ஆளில்லாத வீடு எனப் பதிவு செய்துகொண்டோம். நன்றி."

போக நினைப்பவர்கள் காலையிலேயே போய்விடுங்கள்; வெயில் ஏறினால் ஒதுங்க நிழல் கிடையாது. ரப்பர் செருப்பு போதும். மழைக்கு முன் போவது நல்லது. ஆளில்லாத வீட்டுக்குக் கல் கொட்டமாட்டார்களாம். அக்கா உள்ளேதான் இருக்கிறார்.